மாமாவைச் சுற்றி ஒரு சாண் பச்சை

திருப்பூர்
27.1.2025

அன்புள்ள மாமாவுக்கு, மருதம்மாள் எழுதுவது. நான் நலம். நீங்கள் கோபத்தில் இருப்பீர்கள் என்பதால் உங்கள் நலத்தைக் கடைசியில் விசாரித்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சிரிக்கக் கூடாது. பொங்கலன்று நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது நான் உங்களை முறைக்கவில்லை. உங்கள் உடம்பைச் சுற்றி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே தறிக் குடோன் கந்தப்பண்ணனைக் கூப்பிட்டு, பொண்டாட்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சாடை காட்டாமல் மேலே படியுங்கள்.

இரண்டு மாதமாக உங்களுக்குச் சொல்லாமல் ஒரு வகுப்புக்குப் போகிறேன். அக்கம்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்கு மேலே மாடி. பரணி மாஸ்டர் என்று ஒரு தம்பி நடத்துகிறார். மனுஷ உடம்பைச் சுற்றி ஒரு சக்தி நிற்கிறதாம். ஆரா என்று பெயராம். பழகினால் தொடாமலே கையால் உணரலாம், கண்ணாலும் பார்க்கலாம் என்கிறார். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்கிற ராமாத்தாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். மூட்டு வலிக்கு ஏதாவது சொல்லித் தருவார்கள் என்று நினைத்துத்தான் போனோம்.

உள்ளங்கை இரண்டையும் சூடு வரத் தேய்த்து மெல்ல விலக்கினால் நடுவில் என்னமோ இழுக்கிறது மாமா. பிசைந்த மாவை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி. அது முதல் பாடம். மாஸ்டர் வருகிற வரை சும்மா உட்காருவானேன் என்று கம்பெனியிலிருந்து கொண்டு வந்த சிவப்பு டி-சர்ட் மூட்டையைப் பிரித்து மடியில் போட்டு, பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருப்போம். அவர் வந்ததும் பார்க்கிற பாடம். வெள்ளைச் சுவர் ஓரமாக ஒருவரை உட்கார வைத்து, அவர் காதோரம் வெறுமனே பார்க்க வேண்டும். இமைக்கக் கூடாது. பேசக் கூடாது.

“அக்கா, பேசக் கூடாதாமா. உங்களுக்கு இது ஆகாதுங்க, வாங்க ஊட்டுக்குப் போலாம்” என்றாள் ராமாத்தாள்.

அந்த ரோசத்துக்கே பேசாமல் உட்கார்ந்தேன். தெரிந்தது மாமா. பச்சையாக! பச்சை என்றால் நல்ல மனசு, நாலு பேரை ஆற்றுகிற மனசு என்று மாஸ்டர் சொன்னார். அப்புறம் பார்த்தால் வகுப்பில் எல்லாருமே பச்சை. கம்பெனியில் டேபிளிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன், சூப்பர்வைசருக்கும் பச்சை. அன்றிலிருந்து அந்த ஆளைத் திட்டுவதை விட்டுவிட்டேன். அவர் பயந்துபோய் இருக்கிறார்.

பொங்கலன்று உங்களைப் பார்த்தேன். நம் வீட்டுச் சுவரில் சாய்ந்து நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். தலையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பச்சை. வாயைத் திறந்தால் போய்விடுமோ என்று பேசாமல் இருந்தேன். நீங்கள் கை கழுவினீர்கள், “குடோன்ல தறிக்குப் பாவு ஏத்தோணும்” என்று பையை எடுத்தீர்கள். மாட்டுப் பொங்கல் முடிய இருக்கிறேன் என்று வந்த மனுஷன்! வாசலில் நின்று கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. நீங்கள் திரும்பவில்லை.

இப்போது விசாரிக்கிறேன். நலமா?

உங்கள்,
மருதம்மாள்


சாமளாபுரம்
6.2.2025

மருதம்மாளுக்கு, குமாரசாமி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நலம். கந்தப்பண்ணனிடம் சாடை காட்டிவிட்டுத்தான் மீதியைப் படித்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து நீ பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. காது போன பிறகும் உன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். அன்றைக்கு வாயும் அசையவில்லை. நான் வந்தது உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

நான் ஏன் இங்கேயே கிடக்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தறி ஓடுகிற குடோனுக்குள் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. நல்ல காது உள்ளவனும் கையாலும் உதட்டாலும்தான் பேசியாக வேண்டும். அதனால் இங்கே நான் செவிடன் இல்லை. வாசலைத் தாண்டினால்தான் செவிடன். நம் வீட்டில் டி.வி. ஓடுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள், அவர்களைப் பார்த்துவிட்டு நான் பின்னாடி சிரிக்கிறேன். நம் பெண் சத்யா கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்ததே எனக்கு எல்லாரும் எழுந்த பிறகுதான் தெரிந்தது. கல்யாணம் முடிந்ததும் இங்கே வந்துவிட்டேன். உன் மேல் குறை இல்லை. வீட்டில் நான் மாட்டி வைத்த படம் மாதிரி இருந்தேன், அதுதான்.

வெளிச்சமெல்லாம் எனக்கு எதுக்கு? வயசான காலத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

குமாரசாமி

பின்குறிப்பு: ஒரு சாண் என்றால் உன் கைக்கா, என் கைக்கா?


திருப்பூர்
2.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

என் கைக்குத்தான். உங்கள் கைக்கு ஒரு சாண் என்றால் நீங்கள் சாமியாராகிவிட்டீர்கள் என்று அர்த்தம். இடது தோளுக்கு மேலே மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வெளிச்சம் எதுக்கு என்று எழுதிவிட்டு அளவும் கேட்டிருக்கிறீர்களே, அதை ராமாத்தாளிடம் படித்துக் காட்டினேன். “அண்ணனுக்கு ஆசை உட்டுப் போகலீங்கக்கா” என்றாள்.

நீங்கள் எழுதிய மற்றதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

அந்தப் படம் மாட்டின சமாச்சாரத்தைப் படித்த பிறகு டி.வி.யைப் போடவே கை வரவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள், இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை பாருங்கள். சத்யப்பிரியா சேவூரிலிருந்து போன் பண்ணினாள். “அப்பா ஏம்மா பொங்கலன்னைக்கே போயிட்டாரு?” என்றாள். “உங்கப்பனை நான் உத்துப் பாத்தேன் கண்ணு, வெக்கப்பட்டு ஓடிட்டாரு” என்றேன். “இந்த வயசுல உங்களுக்கு இது வேறயா?” என்று வைத்துவிட்டாள்.

காரியமாக ஒன்று. நம் தெருமுனையில் தரணீதரன் அண்ணன் கட்டிங் வேஸ்ட் குடோன் வைத்திருக்கிறார். கம்பெனிகளிலிருந்து வருகிற துண்டுத் துணியை நிறம் நிறமாகப் பிரித்து மூட்டை கட்டுகிற வேலை. மிஷின் இல்லை, சத்தம் இல்லை. ஆள் வேண்டும் என்றார். “எங்க ஊட்டுக்காரருக்குக் காது கேக்காதுங்க” என்றேன். “நம்ம குடோன்ல கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?” என்றார்.

வாருங்கள் மாமா. பச்சையாக இருக்கிற மனுஷன் அங்கே எண்ணெய்ப் புகையில் நின்றால் வெளிச்சம் அழுக்காகிவிடும். துவைக்க வழி இருக்கிறதா என்று மாஸ்டர் இன்னும் சொல்லித் தரவில்லை.

பதில் போடுங்கள்.

உங்கள்,
மருதம்மாள்


சாமளாபுரம்
21.3.2025

மருதம்மாளுக்கு,

யோசித்துப் பார்த்தேன். கந்தப்பண்ணனிடமும் கேட்டேன். தறிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று காட்டினார்.

பச்சை விஷயம் இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். இப்போது டீக்குத் தறியை நிறுத்தினால் ஆளாளுக்குச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, எனக்கு என்ன நிறம் பார் என்று நிற்கிறார்கள். எனக்குப் பார்க்கத் தெரியாது, என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே ஊருக்கு வந்துவிடுகிறேன்.

ஏன் வருகிறேன் என்று கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காது போன பிறகு எல்லாரும் என்னிடம் வருவது கத்தத்தான், இல்லாவிட்டால் எதையாவது கையில் கொடுக்கத்தான். என் மேல் பார்க்கிற மாதிரி ஒன்று இருக்கிறது என்று நீ எழுதினாய். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன்.

குமாரசாமி


திருப்பூர்
2.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்விட்டு வந்த பிறகு வேறு காரணத்துக்காக இறங்கவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சிவப்பு ஆர்டர் முடிந்து கண்டெய்னர் ஏறிவிட்டது. இப்போது நல்ல நீலம். வழக்கம் போல மூட்டையை எடுத்துக்கொண்டு போய் மடியில் போட்டு நூல் வெட்டிக்கொண்டிருந்தோம். பரணி மாஸ்டர் வந்து சுவர் ஓரம் உட்கார்ந்தார். பார்த்தேன். மஞ்சள்.

“மாஸ்டர், ஒடம்பு செரியில்லீங்களா? மஞ்சளா இருக்கறீங்களே” என்றேன்.

பாவம், காமாலை என்று நினைத்து எழுந்து போய்க் கண்ணாடியில் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அதற்குள் ராமாத்தாளும், “ஆமாங்க, எனக்கும் மஞ்சளாத்தான் தெரியறாருங்க” என்றாள். மற்றவர்களைப் பார்த்தேன், எல்லாரும் மஞ்சள். தண்ணீர்க் குடத்தைப் பார்த்தேன், மஞ்சள். ஃபேன் சுவிட்சுக்கும் மஞ்சள் ஆரா. சுவிட்சுக்கு என்ன மனசு இருக்கப் போகிறது? அப்போதுதான் குனிந்து என் மடியைப் பார்த்தேன்.

துணிதான் மாமா. சிவப்பையே உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பச்சையாகத் தெரிகிறது. நீலத்தைப் பார்த்துவிட்டுப் பார்த்தால் மஞ்சள். துணியை மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். மாஸ்டர் வெறும் மாஸ்டராக இருந்தார்.

அவர் கோபப்படவில்லை. நீலத் துணியை வாங்கி அவரும் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆமாங்கக்கா” என்றார். எல்லாருக்கும் டீ சொன்னார். டீ குடித்துவிட்டு, “கையில உணர்றது வேறங்க, அதை உட்டுறாதீங்க. கண்ணுக்கு மட்டும் இனிமே துணி கொண்டாராதீங்க. வெறுங்கண்ணுக்கு என்ன தெரியுதோ அதான் கணக்கு” என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடித்தான் போனது.

ஆனால் உங்கள் பச்சை போய்விட்டதே மாமா. நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். சட்டைப் பையில் வேறு வைத்திருக்கிறீர்கள்.

“சொல்லாதீங்கக்கா. அண்ணன் வந்து சேரட்டும், பொறவு மெதுவா சொல்லிக்கலாம்” என்றாள் ராமாத்தாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, பேசாமல் இருந்தால் போதும். ஆனால் ஒரு தடவை பேசாமல் இருந்துதானே உங்களைப் பஸ் ஏற்றினேன். அதனால் சொல்லிவிட்டேன்.

பச்சை இல்லாவிட்டாலும் வருவீர்களா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மருதம்மாள்


திருப்பூர்
20.4.2025

மாமாவுக்கு,

உத்திரம் முடிந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பேருக்குச் சமைத்தேன். நானும் சத்தமில்லாத டி.வி.யும் சாப்பிட்டோம்.

தரணீதரன் அண்ணன் வேறு ஆள் போடட்டுமா என்று கேட்கிறார். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு வரி போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

மருதம்மாள்


சாமளாபுரம்
24.4.2025

அன்புள்ள மருதம்மாளுக்கு, குமாரசாமி எழுதுவது.

திட்டித்தான் எழுத உட்கார்ந்தேன். துணி பற்றி நீ எழுதியதைப் படித்தபோது அப்படிக் கோபம் வந்தது. இத்தனை பேரிடம் சொல்லிவிட்டோமே என்கிற கோபம். உத்திரத்தன்று கோயிலுக்குப் போய்விட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்று, குடோனுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் நீ சொன்னது நிஜம்தானா என்று பார்க்க நினைத்தேன். சிவப்புத் துண்டு ஒன்றைத் தறியில் போட்டுவிட்டு உற்றுப் பார்த்தேன். நிமிர்ந்தால் சுவரோரம் கந்தப்பண்ணனுக்குப் பச்சை. எண்ணெய் டப்பாவுக்கும் பச்சை. சரி, நீ சொன்னது நிஜம். அண்ணனுக்கும் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், எனக்கும் பச்சைதானாம்.

ராத்திரி படுத்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. போகியன்று நான் வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிவப்பு மூட்டையைப் பரண் மேல் ஏற்றி வைத்தது நான்தான். நீ கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பண்டிகை முடிகிறவரை கத்தரியைத் தொடமாட்டேன் என்று சொன்னாய். உன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனியும் லீவு. பொங்கலன்று நான் சாப்பிட உட்கார்ந்தபோது உன் மடியில் துணியே இல்லை. கையில் குழம்புக் கரண்டிதான் இருந்தது.

அப்படியானால் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியவில்லை. நீ யோசித்துச் சொல். அவசரமில்லை, நேரில் சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். தரணீதரனிடம் சொல்லிவிடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னிடம் கத்தாதே. கத்தினால் எனக்குக் கேட்பதில்லை, தெருவுக்குத்தான் கேட்கிறது. இந்த மாதிரி எழுதிக் கொடு. உன் எழுத்தில் நீ பேசுவது எனக்குக் கேட்கிறது.

குமாரசாமி


நம் வீட்டுச் சமையலறை
19.5.2025

முன் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் மாமாவுக்கு,

நேற்று வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தீர்கள். “அந்தம்மா எதுக்கு எனக்கு வாழப்பழம் குடுத்துச்சு? எல்லாரும் எதுக்கு என்னையக் கும்பிட்டாங்க?” உங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியாது. டிரைவர் வரைக்கும் பதிலுக்குக் காத்திருந்தார். பஸ்ஸில் சொல்லக் கூடியது இல்லை, அதனால் எழுதுகிறேன். நான் ஷிஃப்ட்டுக்குப் போன பிறகு படியுங்கள்.

மாஸ்டர் எல்லாரையும் கண்ணை மூடி உட்காரச் சொன்னார், மணி அடித்ததும் திறக்கச் சொன்னார். மணி உங்களுக்குக் கேட்காது, நான் முழங்காலில் தட்டுகிறேன் என்று சொல்லித்தான் உங்களை உட்கார வைத்தேன். மணி அடித்தது. எல்லாரும் திறந்தார்கள். நான் தட்டவில்லை.

மறக்கவில்லை மாமா. உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் துணி இல்லை. பின்னால் வெள்ளைச் சுவர். வெறுங்கண்ணால் எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பச்சை இல்லை, மஞ்சள் இல்லை. இடது காதுக்குக் கீழே ஷேவ் பண்ணாமல் விட்ட கொஞ்சம் நரைமுடி தெரிந்தது. நெற்றியில் திருநீறு பாதி உதிர்ந்திருந்தது. தறி ஓட்டுகிற மாதிரி வலது கை விரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் வந்துவிட்டார், இனிமேல் பஸ் ஏறமாட்டார் என்று நினைத்தேன். பொங்கலன்று பார்த்தது என்ன என்று கேட்டீர்களே, யோசித்துப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. பார்த்தது நிஜம். அது மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

இதற்குள் மாஸ்டர் உங்களைக் கவனித்துவிட்டார். உங்களுக்குக் காது கேட்காது என்று அவரிடம் சொல்ல நான் மறந்திருந்தேன். “யாரும் சத்தம் போடாதீங்க. ஐயா ரொம்ப ஆழத்துல இருக்கறாரு. மொத நாளே இப்படி ஒருத்தரை நான் பாத்ததில்லீங்க” என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். முன்வரிசை கமலாம்பாள் அம்மா கண் கலங்கிக் கும்பிட்டார். மற்றவர்களும் கும்பிட்டார்கள். ராமாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அப்போது லேசாகக் குறட்டைச் சத்தம் வந்தது. அது உள்ளே சக்தி ஏறுகிற சத்தம் என்று மாஸ்டர் விளக்கினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருசத்தில் இது இரண்டாவது தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முன்வரிசையில் இடம் போடுகிறார்களாம். போகலாமா வேண்டாமா என்று இந்தத் தாளின் பின்னால் எழுதி வையுங்கள்.

கமலாம்பாள் அம்மா மடியில் ஒரு பழமும் நாற்காலியில் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பழமும் வைத்தார். மடியில் இருந்ததை நீங்கள் கண் விழித்ததும் சாப்பிட்டீர்கள். நாற்காலியில் இருந்ததன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். வேட்டி வாளியில் ஊறுகிறது.

உங்கள்,
மருதம்மாள்